நாயக் ஞானசேகரனுக்குச் சாட்சி இல்லை

பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருவில் ஞானசேகரனை எல்லோரும் “அவில்தார்” என்றே கூப்பிடுவார்கள். அவர் ஒருநாளும் அவில்தாராக இருந்ததில்லை. பட்டாளத்தில் அவர் எட்டிய பதவி நாயக். அவில்தாருக்கு ஒரு படி கீழே. அந்தப் பட்டையும் ஊருக்கு வரும்போது அவர் சட்டையில் இல்லை. 2003ஆம் ஆண்டு நவம்பரில், காவல் பணியில் குடித்திருந்ததற்காக அவரை டிஸ்மிஸ் செய்து அனுப்பினார்கள். விருப்ப ஓய்வில் வந்துவிட்டார் என்று அவர் மனைவி பாஞ்சாலி தெருவில் சொன்னார். தெரு அதை நம்பியது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞானசேகரனின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். 2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு துணிக்கடைப் பையில் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். “சார், இதையெல்லாம் வருஷ வாரியா அடுக்கிக் குடுங்கோ. வக்கீல் கேக்கறாங்க” என்றார். அடுக்கும்போதுதான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது. பட்டாளத்தில் நடந்ததை அவர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். அடுகோடியில் நடந்ததில் பெரும்பகுதியை நானே பார்த்தேன்.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். 1986இல் ஞானசேகரன் பட்டாளத்தில் சேர்ந்தார். 1993இல் பாஞ்சாலியைக் கட்டிக்கொண்டார். பாஞ்சாலிக்கு அடுகோடியில் தாய் வீடு இருந்தது, அங்கேயே இருந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை இவர் விடுப்பில் வருவார். ஒரே மகள் ரூபினி.

குடி எப்படித் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். குளிர் மலையில் இருந்தபோது, சாயங்காலம் ஆளுக்கு ஓர் அளவு ரம் கொடுப்பார்களாம். குடிக்காதவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விற்கக் கூடாது. ஆனால் யாராவது அவர்களுக்குப் பதிலாக ராத்திரிக் காவல் நின்றால், அந்தப் பங்கு அவருக்குப் போய்விடும். அவருடைய பிரிவில் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாம். எங்கும் எழுதி வைக்காத வழக்கம்.

“எனக்கு நாலு பேரு பங்கு வரும் சார். நாலு பேரு டூட்டியும் நானே நிப்பேன். ‘ஞானா மாதிரி ஆளே கிடையாது, கேட்டா இல்லேன்னு சொல்லமாட்டான்’னு பேரு எனக்கு. ரொம்ப நல்லவன்னு பேரு.”

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பட்டாளத்தில் ஒருவன் தண்டனை பெற்றால் அதை அவனுடைய பதிவில் சிவப்பு மையில் எழுதுவார்கள். ஞானசேகரனுக்கு அப்படி நான்கு இருந்தன. நான்கும் குடியால் வந்தவை. ஐந்தாவதுதான் கடைசி. பனி மூடிய ஒரு விடியலில், காவல் மாற்ற வந்தவர்கள் அவர் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தார்கள். துப்பாக்கி அவர் கையில் இல்லை; மணல் மூட்டை மேல் சாத்தியிருந்தது. விசாரணை பிரிவுக்குள்ளேயே முடிந்தது. பட்டை போயிற்று. வேலை போயிற்று. பதினேழு வருஷ சேவைக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஆயிற்று.

“அது என் டூட்டியே இல்ல சார். ஒருத்தன் பங்குக்கு நின்னது. அவன் பேரை நான் சொல்லல. அவனுக்கு அப்பத்தான் கொழந்த பொறந்துது.”

அதன் பிறகு எட்டு வருஷம் எங்கள் தெரு அவரைப் பார்த்தது. எல்லாவற்றையும் இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் அப்பா இறந்தபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் இவர். காலை ரயிலில் புறப்பட்டார். பங்காரப்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும். இறங்கவில்லை. போதையில் தூங்கிப்போய் ஆந்திராவில் குப்பம் ஸ்டேஷனில் கண் விழித்தார். மாரிக்குப்பத்தில் பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

2011இல் பாஞ்சாலி அவரை ஓசூர் ரோட்டுப் பெரிய மருத்துவமனையில் குடிநோய்ப் பிரிவில் சேர்த்தார். வெளியே வந்தவர் அதற்குப் பிறகு தொடவில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட, அதில் என்ன கலந்திருக்கிறது என்று மருந்துக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்குக் காவல் மேற்பார்வையாளர் ஆனார். பட்டாளத்து ஆள் என்று அங்கே நல்ல மரியாதை.

அந்த மரியாதைதான் அவரை என் வீட்டுக்கு வரவைத்தது. 2022 குடியரசு தினத்துக்கு நான்கு நாள் முன்பு, அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் சுந்தரராமன் கேட்டுக்கு வந்து, “அவில்தார் சார், இந்தத் தடவை நீங்கதான் கொடி ஏத்தணும். மெடலெல்லாம் போட்டுண்டு வாங்கோ. குழந்தைகள் பாக்கட்டும்” என்றாராம். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, இருபத்தாறாம் தேதி காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். மறுநாள் வேலைக்குப் போனபோது சுந்தரராமன் ஒரு சின்னப் பெட்டியில் லட்டும் மிக்ஸ்சரும் எடுத்து வைத்திருந்து கொடுத்தார்.

“அந்தப் பெட்டியைக் கேட்ல இருந்த நாய்க்குப் போட்டேன் சார். எனக்குத் தொண்டையில எறங்கல.”

வழக்கில் அவர் கேட்டது பெரிய விஷயம் அல்ல. டிஸ்மிஸ் என்பதை ரத்து செய்து, பணியிலிருந்து விடுவித்ததாக மாற்ற வேண்டும். மாறினால் அவர் முன்னாள் ராணுவத்தினர் ஆவார். பதினேழு வருஷத்துக்குப் பென்ஷன் உண்டு. அவருக்குப் பிறகு அது பாஞ்சாலிக்குப் போகும். ராணுவ மருத்துவ அட்டை கிடைக்கும். பாஞ்சாலிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து மிஷின்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ஞானசேகரன் சொன்னார். “எனக்கு அப்புறம் அவ யாரு கையை எதிர்பாக்கறது?” என்று கேட்டார்.

வக்கீல் வீணாவின் ஆபீஸ் வில்சன் கார்டனில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பட்டாளத்து வழக்குகள்தான் அவருக்கு அதிகம். அவர் வழக்கை எங்களுக்கு விளக்கிச் சொன்னார். குடி ஒரு நோய். அது பணிக்காலத்திலேயே வந்தது. நான்கு தடவை தண்டித்தவர்கள் ஒரு தடவையாவது டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். பிற்பாடு அவரே சிகிச்சை பெற்றுத் திருந்தினார். 2011இன் மருத்துவமனைக் காகிதங்கள் இருந்தன. ஆனால் பணியில் இருந்த வருஷங்களிலேயே நோய் இருந்ததைப் பார்த்தவர்கள் யாராவது சொல்ல வேண்டும்.

“விடுப்புல வந்தப்போ பாத்தவங்க யாராச்சும் அஃபிடவிட் குடுக்கட்டும். கூடவே, இப்போ எப்படி இருக்கார்னும் சொல்லட்டும்” என்றார் வீணா.

ஞானசேகரன் தெருவில் ஐந்து பேரிடம் கேட்டார். ஐவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். தாங்களே நோட்டரியிடம் போய், சொல்லி எழுத வைத்து, கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டிய கவரை நான் பிரிப்பதில்லை. வீணாதான் தன் மேசையில் வைத்துப் பிரித்தார். முதல் காகிதத்தைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“சார், இதென்ன? கிருஷ்ணப்பா, புரவிஷன் ஸ்டோர்ஸ். ‘மேற்படி ஞானசேகரனை முப்பது வருஷமாக அறிவேன். மதுவை அவர் கையால் தொட்டுப் பார்த்ததில்லை.’”

“அப்படியா போட்டிருக்குது?” என்றார் ஞானசேகரன்.

“இருங்க, இன்னும் இருக்கு. பீட்டர், எலக்ட்ரீஷியன். ‘இவர் வாயில் நாற்றம் வந்து நான் பார்த்ததில்லை. டீ, காபிகூட அளவாகக் குடிப்பவர்.’ மூணாவது ஆளு, ‘எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இவரைக் காட்டித்தான் புத்தி சொல்கிறோம்.’ அஞ்சு பேரும் சேர்ந்து உங்களைச் சாமியார் ஆக்கிட்டாங்க, அவில்தாரே!”

ஞானசேகரனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் சுருங்கிவிட்டது. வீணா காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டினார்.

“இது ஆகல்ல சார், சரிப்படாது. நோய் இருந்துச்சுன்னு நாம சொல்றோம். நோயே இல்லேன்னு இவங்க சொல்றாங்க. அப்போ அந்த ராத்திரி குடிச்சது வேணும்னே பண்ண தப்பு ஆயிடும். இதை ஃபைல் பண்ணா எதிர் வக்கீல் நமக்குப் பூச்செண்டு குடுப்பார். நெஜத்தை எழுதச் சொல்லுங்க.”

நெஜத்தை எழுதச் சொல்லி ஞானசேகரனே வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். தன்னை மோசமானவன் என்று எழுதிக் கொடுக்கும்படி ஒரு மனிதர் கைகூப்பிக் கேட்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பீட்டர் மின்விசிறி ஒன்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். “இன்னா அண்ணா பேசறீங்கோ! என் தங்கச்சி ரிசப்ஷன்ல நீங்க ஸ்டேஜ் மேல ஏறி விழுந்தீங்கோ. பிரியாணி அண்டாவைத் தள்ளிவிட்டீங்கோ. அதை நான் கவர்மெண்ட்டுக்கு எழுதித் தரணுமா?”

“அதைத்தான் எழுதச் சொல்றேன் பீட்டரு.”

“போங்கண்ணா. அண்டா அன்னிக்கே காலியாயிடுச்சு. நான் மறந்துட்டேன்.”

“இப்பத்தானே சொன்னே?”

“உங்ககிட்ட சொல்லலாம். பேப்பர்ல சொன்னா, நாளைக்கு உங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பால அடிக்கும்.”

அந்த அண்டா விஷயம் ஞானசேகரனுக்கு நினைவே இல்லை. தெருவுக்கு வந்ததும் என்னிடம், “நெஜமாவா சார்?” என்று கேட்டார். ஆமாம், அன்று நானும் அங்கே இருந்தேன் என்றேன். அடுத்த வீட்டுக்கு நடந்தார். மற்ற வீடுகளிலும் இதேதான். யாரும் மறுக்கவில்லை, எல்லாம் நினைவிருந்தது, யாரும் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர் மறந்துபோன ஒன்று வெளியே வந்தது. கடைசி வீட்டிலிருந்து இறங்கும்போது, “இவ்ளோ நாளும் எல்லாருக்கும் தெரியும் சார். தெரிஞ்சேதான் அவில்தார்னு கூப்பிட்டிருக்காங்கோ” என்றார்.

மிச்சம் இருந்தது கிருஷ்ணப்பாவின் கடை. முக்கியமானதும் அதுதான். ஏனென்றால் மற்ற நால்வரும் நானும் பார்த்தது 2003க்குப் பிறகு நடந்ததை. பணியில் இருந்த காலத்தில் நடந்ததைப் பார்த்தவர் கிருஷ்ணப்பா ஒருவர்தான்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஞானசேகரன் விடுப்பில் வந்திருந்தார். இந்தத் தடவை குடிப்பதில்லை என்று பாஞ்சாலிக்கு வாக்குக் கொடுத்து, வந்ததிலிருந்து நிறுத்தியிருந்தார். மூன்றாம் நாள் காலை, பால் வாங்கப் போனவர் கிருஷ்ணப்பாவின் கடை வாசலில் விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது; வாயில் நுரை. கிருஷ்ணப்பா தன் கடைச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்து, ஆட்டோவில் போட்டு ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார். இது காக்கா வலிப்பு இல்லை, நீண்ட நாள் குடித்தவன் சட்டென்று நிறுத்தியதால் வந்தது, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று டாக்டர் கிருஷ்ணப்பாவிடம் சொன்னார். அந்த டாக்டர் இப்போது இல்லை. கிளினிக் இருந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது.

எங்களைப் பார்த்ததும் கிருஷ்ணப்பா, விஷயம் என்ன என்று புரிந்துகொண்டார். “பன்னி, வாங்க சார், உக்காருங்க” என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“கிருஷ்ணப்பா, அன்னிக்கு உங்க கடை வாசல்ல நான் விழுந்தேனே” என்று தொடங்கினார் ஞானசேகரன்.

“யாரு விழுந்தா?”

“நான்தான். சாவி குடுத்தீங்களே.”

“ஒங்களுக்கு வெயில் மயக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“டாக்டர் சொன்னதை நேர்ல கேட்டது நீங்க மட்டும்தான். அதை எழுதிக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் கேக்கல.”

கிருஷ்ணப்பா வெகுநேரம் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கடையில் யாரும் துவரம்பருப்பு கேட்டிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பேடா, வேணாம் சார். என்னால முடியாது. ஏன்னு வீட்டுல கேளுங்க. பாஞ்சாலிம்மாவுக்குத் தெரியும்.”

வீட்டில் பாஞ்சாலி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஞானசேகரன் கேட்டதும் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“நான்தான் கிருஷ்ணப்பா அண்ணனை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மாரியம்மா முன்னாடி கற்பூரம் ஏத்தி, இதை யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு அதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். அண்ணன் வேணாம்மா வேணாம்மான்னாரு. நான் கால்ல விழுந்தேன். பண்ணிட்டாரு.”

“எதுக்குடி அப்படிப் பண்ணே?”

“வலிப்புன்னு பட்டாளத்துக்குத் தெரிஞ்சா வேலையிலேர்ந்து அனுப்பிடுவாங்கோன்னு பயம். வேற எதுக்கு? உன்னை ஆஸ்பத்திரிலயும் சேக்கல. ரெண்டு நாள் வீட்டுல படுக்க வெச்சேன். அப்புறம் நானே கடைக்குப் போயி...” அவர் நிறுத்திவிட்டு, மறுபடி சொன்னார். “நானே போயி ஒரு குவார்ட்டர் வாங்கியாந்து குடுத்தேன். கை நடுக்கம் நின்னுடுச்சு. லீவு முடிஞ்சு ரயில் ஏத்திவிட்டேன். அன்னிக்கு உன் ஆபீசருக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தா, ஆஸ்பத்திரில சேத்திருப்பாங்கோ இல்ல? எனக்கு யாரும் சொல்லல. நானும் யாரையும் கேக்கல.”

ஞானசேகரன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது.

மறுநாள் பாஞ்சாலியே கிருஷ்ணப்பாவிடம் போனார். “அண்ணா, சத்தியம் வாங்குனவ நான். நானே உங்களை விட்டுட்டேன். எழுதிக் குடுங்க” என்று கேட்டார். கிருஷ்ணப்பா சொன்ன பதிலைப் பாஞ்சாலி என்னிடம் அப்படியே சொன்னார்: “சத்தியம் உங்ககிட்ட பண்ணலேம்மா. அவகிட்ட பண்ணேன். நீங்க விடறதுக்கு அது உங்களுது இல்ல. என் மருமகளுக்கு ரெண்டு தடவை கலைஞ்சு, அந்த வருஷம்தான் பேரன் நின்னான். அவன் தலைமேல நான் விளையாடமாட்டேன்.” பாஞ்சாலி கோயில் பூசாரியிடமும் போய், சத்தியத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று விசாரித்தார். அபிஷேகம் செய்து மன்னிப்புக் கேட்கலாம் என்றார் பூசாரி. கிருஷ்ணப்பா அபிஷேகத்துக்கு வந்தார். பால்குடத்துக்குக் காசும் கொடுத்தார். சாட்சி மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஞானசேகரன் குடித்துக் கிடந்த வருஷங்களில் அந்தக் குடும்பத்துக்கு அரிசி போட்டது அவர் கடைதான்.

ஆகவே பாஞ்சாலி மட்டும் சாட்சி ஆனார். அதற்கும் ஒரு தடை இருந்தது. ரூபினியின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று அச்சடித்திருந்தார்கள். தீர்ப்பு வந்தால் இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வீணா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா கிருஷ்ணம்மாள் படித்தால் என்ன ஆகும் என்று பாஞ்சாலிக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில் மகளுக்கு ஃபோன் செய்து அழுதார்.

“அம்மா, எங்க அத்தைக்கு பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும்” என்றாள் ரூபினி. “தெருவுல விசாரிச்சிருக்காங்க. ‘இப்போ குடிக்கறாரா? இல்லேல்ல? அப்போ விடு’ன்னு அவங்களே எனக்குச் சொன்னாங்க. உங்களுக்கு சங்கடமா இருக்கும்னு நான் சொல்லல.”

பாஞ்சாலி ஃபோனை வைத்துவிட்டு, “எல்லாரும் சேர்ந்து எங்களை நல்லா வெச்சிருந்தீங்கோ சார்” என்றார் என்னிடம். நன்றியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீணாவின் ஆபீசில் பாஞ்சாலி சொல்லச் சொல்ல டைப் செய்தார்கள். ஏப்ரல் மாத வலிப்பு, சாவிக்கொத்து, டாக்டர், கற்பூரம், தானே வாங்கிக் கொடுத்த குவார்ட்டர், எல்லாவற்றையும் சொன்னார். குவார்ட்டர் விஷயம் வேண்டாம், அது உங்கள் மேல் பழியாக வரும் என்று வீணா சொல்லிப் பார்த்தார். “நடந்தது தானே மேடம். போடுங்கோ” என்றார் பாஞ்சாலி. கையெழுத்துப் போட இடம் தெரியாமல், காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஞானசேகரன் அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார்.

2024 ஆகஸ்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ராணுவத் தீர்ப்பாயத்தில் எங்கள் பக்கம் பேச வீணாவுக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். நன்றாகவே பேசினார். ஞானசேகரன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பின்வரிசையில் விரைப்பாக உட்கார்ந்திருந்தார். அரசுத் தரப்பு வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: கணவருக்குப் பென்ஷன் வந்தால் மனைவிக்கும் பலன் உண்டு அல்லவா? உண்டு என்று வீணா ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபரில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. நான் அதை மூன்று முறை படித்தேன். காலதாமதத்தை மன்னித்திருந்தார்கள். அவர் திருந்தியதைப் பாராட்டி இரண்டு வரியும் இருந்தது. எட்டாவது பத்தியில் காரணம் இருந்தது. பணிக்காலத்தில் மனுதாரர் குடிநோயால் பாதிக்கப்பட்டிருந்தார் என்பதற்கு, பலன் பெறக்கூடியவரான மனைவியின் கூற்றைத் தவிரச் சுயேச்சையான சாட்சி எதுவும் இல்லை. ஒருவராவது இருந்திருந்தால் வேறு விதமாகப் பார்த்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மேலே போகலாம், ஆனால் புதிய சாட்சி இல்லாமல் போய்ப் பயனில்லை என்றார் வீணா. தன் ஃபீஸில் மிச்சத்தை அவர் கேட்கவே இல்லை.

வில்சன் கார்டனிலிருந்து நாங்கள் இருவரும் நடந்தே திரும்பினோம். உத்தரவின் நகல் என் பையில் இருந்தது. ஞானசேகரன் வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். “நாலு பேரு டூட்டி நின்னேன் சார். எனக்கு நிக்க ஒரு ஆளு இல்ல.” சொன்ன உடனேயே, “தப்பு, தப்பு. அவ நின்னாளே” என்று திருத்திக்கொண்டார்.

கிருஷ்ணப்பா மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“ஏனாயித்து? என்ன ஆச்சு அவில்தாரே?”

“தள்ளிட்டாங்கோ.”

கிருஷ்ணப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “நான் எழுதிக் குடுத்திருந்தா ஆகியிருக்குமா?” என்று கேட்டார். கேட்டது ஞானசேகரனை, பார்த்தது என்னை. எழுத்துப் படித்தவன் சரியாகச் சொல்வான் என்று நினைத்திருப்பார்.

ஞானசேகரன் எனக்கு முந்திக்கொண்டார். “சேச்சே! உங்களால இன்னா ஆகும் கிருஷ்ணப்பா? நான் லேட்டா போட்டேன், அதனால தள்ளிட்டாங்கோ. நீங்க வந்திருந்தாலும், மாரியம்மாவே நேர்ல வந்திருந்தாலும் இதேதான். இல்லையா சார்? அப்படித்தானே எழுதியிருக்குது?”

அப்படி எழுதியிருக்கவில்லை. தாமதத்தை மன்னித்திருப்பது ஐந்தாவது பத்தி. காரணம் எட்டாவது பத்தி. இரண்டும் என் தோளில் தொங்கிய பையில் இருந்தன. ஞானசேகரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலில் நிற்கிறவர் பார்ப்பதுபோல இமைக்காமல் பார்த்தார்.

“ஆமாம். தாமதம்தான் காரணம்” என்றேன்.

கிருஷ்ணப்பா நீளமாக மூச்சு விட்டார். உள்ளே குனிந்து போய் ஒரு பொட்டலம் வெல்லம் எடுத்துவந்து, பாஞ்சாலிம்மாவிடம் கொடுங்கள் என்று ஞானசேகரன் கையில் வைத்தார். ஷட்டரை இறக்கினார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, எது என்று தேடி, பூட்டினார்.

“அப்போ சரி, அவில்தாரே” என்றார்.

“நாயக்குதான் கிருஷ்ணப்பா” என்றார் ஞானசேகரன். “அதுவும் முன்னாடி.”

“யாரு கேட்டா அதை?” என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணப்பா சாப்பிடப் போனார். பாஞ்சாலி பொம்மனஹள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஞானசேகரன் வெல்லப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டிய கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். 2000ஆம் ஆண்டு அவர் விழுந்தது அந்த இடத்தில்தான்.